டார்ச் பிடித்தது போதும்

"தம்பி, எந்த மாடல் பாக்கறீங்க?"

கடைக்காரர் கேட்டது என்னோடு வந்திருந்த முதலாண்டு மாணவனை. அவனுக்குக் கிட்டாரைப் பிடிக்கவே தெரியாது. துணைக்கு வந்தவன். "எனக்கில்ல சார், மேடத்துக்கு" என்றான். கடைக்காரர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மறுபடியும் அவனிடமே திரும்பிக் கேட்டார்: "மேடம் பாடுவாங்களா?"

அவர் மரியாதைக் குறைவாக எதுவும் பேசவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். உட்கார நாற்காலி போட்டார். ஆனால் விலை, மரம், தந்தி, பிக்கப் பற்றிய பேச்சு முழுவதும் என் தலைக்கு மேலாக அந்தப் பையனை நோக்கியே போனது. இசைக் கருவிகள் விற்கும் கடைக்குள் ஒரு பெண் நுழைந்தால் அவள் பாடகியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் யாருக்காவது அம்மாவாக இருக்க வேண்டும். குரல் நமக்கு, கருவி அவர்களுக்கு என்று எப்போதோ பாகம் பிரித்துவிட்டார்கள்.

எனக்கு பேஸ் கிட்டார் மீது பித்துப் பிடித்தது 39 வயதில். நான்கு தடித்த தந்திகள் கொண்ட கருவி அது. பாட்டில் அது தனியாகக் காதில் விழாமல் போகலாம்; எடுத்துவிட்டால் பாட்டுக்குக் கால் இருக்காது. இளையராஜா பாடல்களோடு வளர்ந்த நமக்கு அதன் ஓட்டம் பெயர் தெரியாமலே பழக்கமானது. அவருக்கு வாசித்த சசிதரன், ரகுமானுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸ் என்று ரசிகர்கள் கொண்டாடும் பெயர்கள் ஆண்களுடையவை. ரகுமான் குழுவில் மும்பையின் மோகினி டே வாசித்தபோது எல்லாரும் வியந்தார்கள். அவருடைய அப்பாவே பேஸ் வாசிப்பவர். சின்ன வயதிலேயே மகள் கையில் கருவியைக் கொடுத்துவிட்டார். நம் வீடுகளில் அப்படிக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்?

கடையில் வாங்காமல் கடைசியில் ஒரு பழைய பேஸை வாங்கினேன். மெல்லிசைக் குழுவில் 30 ஆண்டு வாசித்து இறந்துபோன ஒருவருடையது. அவர் மனைவிதான் விற்றார். ஜப்பானில் செய்த, பிரிசிஷன் பேஸின் நகல். 11,000 ரூபாய். பெட்டியை என் பக்கம் தள்ளும்போது அந்த அம்மா சொன்னார்: "இந்தப் பெட்டிய நான் தினம் தொடச்சிருக்கேன்மா. தொறந்து பார்த்ததில்ல. அவருக்குப் பிடிக்காது."

வீட்டுக்கு வந்து ஆம்பில் செருகியதும் ஒரே இரைச்சல். வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரவென்றது. பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். ஒரு வாரம் கழித்து, "உள்ள ரெண்டு கன்ட்ரோலும் மாத்தி, வயரிங் புதுசாப் போட்டுட்டேன் மேடம்" என்று 2,400 ரூபாய் வாங்கிக்கொண்டார். மூன்று மாதத்தில் அதே இரைச்சல் திரும்பி வந்தது.

இந்த முறை எடுத்துப் போகவில்லை. திருப்புளியை எடுத்துக் கருவியைத் திறந்தேன். திறக்கும்போது கை நடுங்கியது உண்மை. பல ஆண்டுகளாகக் கவிதை எழுதுகிறேன், மேடைகளில் சண்டை போட்டிருக்கிறேன். ஒரு பிளாஸ்டிக் தகட்டின் திருகுகளைக் கழற்றுவதற்குப் பயந்தேன்.

உள்ளே இருந்தவை இரண்டு கன்ட்ரோல்கள், ஒரு கபாசிட்டர், கேபிள் செருகும் ஜாக், பிக்கப்பிலிருந்து வரும் வயர்கள், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜிலிருந்து வரும் எர்த் வயர் ஒன்று. அவ்வளவுதான். கன்ட்ரோல்கள் மாற்றப்படவே இல்லை. பழைய ஈயம் மங்கிப்போய், தூசி படிந்து அப்படியே இருந்தது. எர்த் வயர் அறுந்திருந்தது. அதைப் பற்றவைக்காமல் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். டேப் தளர்ந்ததும் இரைச்சல் திரும்பியிருக்கிறது.

அந்த மனிதர் ஏன் இதைச் செய்தார்? பணத்தாசை ஒரு காரணம். நான் ஒருபோதும் திறந்து பார்க்க மாட்டேன் என்ற நிச்சயம்தான் பெரிய காரணம். அந்த நிச்சயத்தை அவருக்குக் கொடுத்தது யார்? என் அப்பாவும் அண்ணனும் கொடுத்தார்கள். நானும் சேர்ந்துதான் கொடுத்தேன்.

ஃபியூஸ் போன இரவுகளை நினைத்துப் பாருங்கள். அப்பா நாற்காலி மேல் ஏறுவார். அண்ணன் பக்கத்தில் நின்று வேலையைப் பார்ப்பான், அடுத்த முறை அவனே செய்வான். நாம் டார்ச் பிடிப்போம். "இந்தப் பக்கம் காட்டு, கையை ஆட்டாதே." வேலை நடக்கும் இடத்துக்கு வெளிச்சம் கொடுத்தோம். அந்த வெளிச்சத்தில் என்ன நடக்கிறது என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. நம்மில் பெரும்பாலோரின் தொழில்நுட்பக் கல்வி அந்த டார்ச்சோடு முடிந்துவிட்டது.

பெண் விரலுக்கு இந்த வேலை வராது என்று சொல்பவர்களுக்கு இந்தக் கருவியின் பிறப்பிலேயே பதில் இருக்கிறது. பிரிசிஷன் பேஸ் 1951-இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் பிறந்தது. அதைச் செய்த லியோ ஃபெண்டர் ரேடியோ பழுதுபார்ப்பவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. "சார் பாடுவீங்களா?" என்று அவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவருடைய தொழிற்சாலையில் பிக்கப் சுற்றியவர்களில் பெண்கள் ஏராளம். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி, முடியை விட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியது. இழுப்பு கூடினால் அறுந்துபோகும், குறைந்தால் தளர்ந்துபோகும். சுற்றும் கைக்கு ஏற்பக் கருவியின் ஒலியும் மாறும். அபிகெயில் இபார்ரா 1956-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்து 2013-இல் ஓய்வு பெற்றார். அவர் சுற்றிய பிக்கப்புக்கு இன்று ஆண்கள் போட்டி போட்டுக்கொண்டு கூடுதல் விலை கொடுக்கிறார்கள்.

ஆக, கருவியின் உயிரைச் செய்யும்போது பெண் விரல் வேண்டும். அப்போது அதற்குப் பெயர் 'பொறுமை', 'மென்மையான கை'. அதே வேலையை ஓர் ஆண் தனிப் பட்டறையில் செய்தால் அதற்குப் பெயர் 'நிபுணத்துவம்'. ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்கு விடிகாலைப் பேருந்தில் போகும் நம் பெண்களைக் கேளுங்கள். நாள் முழுவதும் சர்க்யூட் பலகைகளோடு வேலை. அவள் வீட்டில் மிக்ஸி நின்றுபோனால் தெருமுனைக் கடை அண்ணனிடம் போகிறது. மிருதங்கம் செய்யும் தலித் கலைஞர்களின் உழைப்பை வாசிப்பவரின் புகழ் எப்படி மூடியது என்று டி.எம். கிருஷ்ணா 2020-இல் ஒரு நூலே எழுதினார். செய்யும் கையைக் கீழே வைப்பதில் சாதியும் ஆணாதிக்கமும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவை.

இதில் என் பங்கும் உண்டு. பொருநராற்றுப்படை யாழின் போர்வைத் தோலை இளஞ்சூல் கொண்ட பெண்ணின் வயிற்றுக்கு ஒப்பிடுகிறது. முழு யாழையும் ஒப்பனை செய்த மணமகள் என்கிறது. இந்த உவமைகளை ரசித்து ரசித்து நடத்தியிருக்கிறேன். கருவி பெண்ணாகிவிட்டால் அதைக் கையில் எடுப்பவர் யார் என்று வகுப்பில் கேட்டதில்லை. கானல்வரியில், வசந்தமாலையிடமிருந்து வாங்கிய யாழோடு மாதவி இருக்கிறாள். பத்தர், கோடு, ஆணி, நரம்பு என்று உறுப்பு உறுப்பாகப் பெயர் சொல்லி, குற்றம் நீங்கிய யாழ் என்கிறார் இளங்கோ. பண்ணல் தொடங்கி எட்டு வகையில் அவள் அதைச் சோதிக்கிறாள், சுருதி கூட்டுகிறாள். பிறகு கோவலன் கையில் நீட்டுகிறாள். அவன் முதலில் பாடுகிறான். கோவலன் பாடியதையும் மாதவி பாடியதையும் எத்தனையோ தேர்வுகளில் கேள்வியாக வைத்திருக்கிறேன். மாதவி கருவியைச் சரிபார்த்ததை ஒருமுறைகூட வைத்ததில்லை. இலக்கியம் சொல்லியிருக்கிறது, அதை நான் பாடமாக்கவில்லை.

சில தோழிகள் என்னிடம் சொன்னார்கள்: "இதெல்லாம் வசதியானவர்களின் பொழுதுபோக்கு. சோற்றுக்கு இல்லாத பெண்ணுக்குக் கிட்டார் எதற்கு?" கருவி விலை கூடியதுதான். ஆனால் சால்டரிங் அயர்னின் விலை ஒரு சுமாரான சுடிதாரை விடக் குறைவு. கபாசிட்டர் ரிச்சி தெருவில் சில ரூபாய். விலையைக் காட்டி நம்மைத் தள்ளி நிறுத்துவது கருவியில் முடியாது. ஸ்கூட்டியில், மோட்டாரில், கணினியில் தொடரும். ஏழைப் பெண்தான் பழுதுக்கு அதிகம் ஏமாற்றப்படுகிறாள். "எல்லாவற்றையும் நாமே ஏன் செய்ய வேண்டும், காசு கொடுத்தால் போதாதா?" என்பது இன்னொரு கேள்வி. போதும், தாராளமாகக் கொடுங்கள். என்ன பழுது என்று தெரிந்துகொண்டு கொடுங்கள். நான் இப்போதும் ஃப்ரெட் தேய்க்கும் வேலையை வெளியில்தான் கொடுக்கிறேன். என்னிடம் யாரும் இப்போது கதை சொல்வதில்லை.

இரண்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமை மதியம் என் வீட்டில் ஆறு மாணவிகள் கூடுகிறார்கள். முதலில் கற்றுக்கொள்வது பழுதைக் கேட்பது. ஆம்ப் இரைகிறதா? தந்தியைத் தொடு. இரைச்சல் குறைந்தால் எர்த் வயர் சரியாக இருக்கிறது. தந்தியைத் தொட்டால் மாறாமல், ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் குறைந்தால், பிரிட்ஜின் எர்த் அறுந்திருக்கிறது. குமிழ் கரகரத்தால் மாற்றாதே. கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முறை திருப்பு, பெரும்பாலும் சரியாகிவிடும். கழுத்து வளைந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்து, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு போதும். அலென் கீயைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதே. ஆம்பை மட்டும் திறக்காதே. வால்வு ஆம்ப் என்றால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிரைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும்.

பழுது பார்ப்பதோடு நிற்க வேண்டியதில்லை. மாற்றவும் செய்யலாம். லாஸ் ஏஞ்சலஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் 1960-களில் பேஸ் வாசித்த கேரல் கே, பிரிட்ஜுக்குப் பக்கத்தில் தந்திகள் மேல் ஃபெல்ட் துணித் துண்டை ஒட்டித் தனக்கு வேண்டிய ஒலியை எடுத்தார். வழக்கமான பேஸில் தந்தியின் நீளம் 34 அங்குலம். கை எட்டாத மாணவிக்கு 30 அங்குலக் கருவி இருக்கிறது. அதைச் 'சின்னப் பிள்ளைக் கருவி' என்று கேலி செய்கிறார்கள். அளவு யார் கைக்கு எடுத்தது என்று திருப்பிக் கேளுங்கள்.

மாணவிகளில் ஒருத்தியின் அப்பா எலக்ட்ரீஷியன். "தம்பிய வேலைக்குக் கூட்டிட்டுப் போவார் மேடம். நான் வீட்ல டார்ச் பிடிப்பேன்" என்றாள் முதல் நாள். போன மாதம் அவள் பற்றவைத்த இணைப்பைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினாள். அவர் பதில் அனுப்பியிருந்தார்: "ஈயம் கொஞ்சம் அதிகம்." பாராட்டு இல்லை, தொழில் பேச்சு. அவளுக்கு அன்றைக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

என் பேஸை விற்ற அந்த அம்மா ஒருநாள் வந்தார். கருவியைப் பார்க்க வேண்டும் என்றார். தகட்டைக் கழற்றி உள்ளே காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார். விரலால் எர்த் வயரைத் தொட்டார்.

"இவ்வளவுதானா?" என்றார். "இதுக்கா முப்பது வருசம் தொடக்கூடாதுன்னார்?"

பெட்டிக்குள் ரகசியம் எதுவும் இல்லை. இருப்பதாக நம்மை நம்பவைத்தார்கள். இதைப் படிக்கும் மாணவியே, உன் வீட்டில் ஒரு திருப்புளி எங்கேயோ இருக்கும். அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று இன்றைக்கு அம்மாவிடம் கேட்டுப் பார். அவருக்கும் தெரியவில்லை என்றால், இரண்டு பேரும் சேர்ந்து தேடுங்கள்.