வெண்பல் மோகம்

செஞ்சிக்கு வடக்கே சிங்கவரத்துக் குடைவரைக் கோயிலைக் காண யாம் சிலர் ஒருநாட் காலை சென்றிருந்தோம். படிகளில் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டபோது எம் நண்பரொருவர் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டார். வினவியதற்குத் தம் பற்கள் மஞ்சளாயிருப்பதாகவும், ஒரு திங்களாக எலுமிச்சஞ் சாற்றில் உப்பைக் குழைத்துத் தேய்த்து வருவதாகவும், இப்பொழுது குளிர்ந்த நீர் பட்டால் பல் கூசுவதாகவும் கூறினார். மஞ்சளோ முன்னையினும் மிகுந்துளதாம்!

இதில் வியப்பில்லை. பல்லின் மேற்றோடாகிய எனாமல் நம் உடலிலுள்ள பொருள்கள் யாவற்றினும் கடினமானது. ஆயினும் புளிப்பு அதனை இளக்கும், உப்பு அதனை அராவும். அதன் கீழுள்ள பகுதி இயல்பிலேயே மஞ்சள் நிறமுடையது. மேற்றோடு மெலிய மெலிய அந்நிறமே வெளிப்படும். பல்லவர் காலத்துச் சிற்பி செதுக்கி நீக்கிய சில்லு மீண்டும் அப்பாறையில் முளைக்கவில்லை, எனாமலும் அத்தகையதே. செங்கற்பொடிக்கும் இதுவே தீர்ப்பு. நன்றாய்ச் சலித்த உமிக்கரியை விரலால் மெல்லத் தேய்த்த நம் பாட்டியரை யாம் குறைகூறோம். அக்கரியையே பசையாக்கிக் குழாயிலடைத்துப் பெருவிலைக்கு விற்பாரையும், அதனை வாங்கி முரட்டுத் தூரிகையால் தேய்ப்பாரையும் பற்றியே எம் கவலை.

நிறம் எதனால் மாறியதென்று அறியாமல் வெண்மையை நாடுதல் தகாது என்பதே எம் கருத்து. வெற்றிலை, புகையிலை, தேநீர் இவற்றின் கறை மேலே படிந்தது. பல்வைத்தியர் பற்காரையை நீக்கும்போது அதுவும் பெரும்பாலும் நீங்கும். வயதினால் உள்ளிருந்து மங்கிய பல்லுக்கே பெராக்ஸைடு மருந்து ஏற்றது. பத்து விழுக்காடு கார்பமைடு பெராக்ஸைடைப் பல்லுக்கு அளவான அச்சிலிட்டு இரவில் அணியும் முறையை ஹேவுட், ஹைமன் என்னும் இருவர் 1989-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சில வாரங்களில் பயன் தெரியும். இடையே தோன்றும் கூச்சம் பெரும்பாலும் தணியும். ஆனால் அடைத்த பல்லும் உறையிட்ட பல்லும் இதனால் வெளுப்பதில்லை. சொத்தையுள்ளவர் முதலில் அதற்கு வைத்தியம் செய்துகொள்ளல் வேண்டும். அடிபட்டுக் கறுத்த ஒற்றைப் பல்லின் உள்நரம்பு இறந்திருக்கக்கூடும். அதற்கும் வைத்தியரே வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலோ 0.1 விழுக்காட்டிற்கு மேல் 6 விழுக்காடு வரை ஹைட்ரஜன் பெராக்ஸைடுள்ள வெளுப்பு மருந்தைப் பல்வைத்தியர் வழியன்றிப் பெறவியலாது. பதினெட்டு வயது நிரம்பாதார்க்கு அது கூடாது. நம் மாணாக்கரோ அஞ்சலில் வருவித்துத் தாமே பூசிக்கொள்கின்றனர்.

இவையனைத்தினும் எம் மனத்தை வருத்துவது வேறொன்று. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஊர்கள் பலவற்றில் நிலத்தடி நீரிலுள்ள மிகுதியான புளோரைடு, பல் முளைக்குமுன்னரே அதனுட் புகுந்து பழுப்புக் கறையை உண்டாக்கிவிடுகிறது. நெல்லூர் மாவட்டத்தில் இந்நோயைக் கண்ட செய்தி 1937-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பெற்றதோ 2013-இல். இடைப்பட்ட காலத்தில் அக்கிணற்று நீரைப் பருகி வளர்ந்த பெண்மக்கள் எத்துணையர்! பல் துலக்காதவள் என்ற ஏச்சைப் பள்ளியிலும், பெண்பார்க்க வந்தோர் முகச்சுளிப்பை வீட்டிலும் அவர்கள் ஏற்றனர். எவ்வளவு தேய்ப்பினும் அக்கறை போகாது. அதன் கடுமைக்கேற்ப மேற்பரப்பை நுண்ணிதாய்த் தேய்த்தெடுத்தலோ, மேலே பூச்சிட்டு மறைத்தலோ பல்வைத்தியர் செய்வர். அக்குழந்தைகட்கு வேண்டியிருந்தது பற்பொடியன்று, நல்ல தண்ணீர்.

எம் நண்பரை அரசு மருத்துவமனையின் பல்வைத்தியப் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம். அவருடைய பல்லின் இயல்பான நிறமே அதுவென்றும், எலுமிச்சையை இனி ஊறுகாய்க்கு விட்டுவிடுமாறும் வைத்தியர் கூறினார்.