நீர்ச்செடித் தொட்டிக்கு எத்தனை விளக்கு?

“மகளிர் குழுக் கடனில் ஆறு கண்ணாடித் தொட்டிகள் வாங்கினோம். சென்னை கொளத்தூரிலிருந்து அனுபியாஸ், கிரிப்டோகோரைன், வாலிஸ்னேரியா செடிகளைக் கொண்டுவந்து, பெருக்கி விற்பதற்காக வளர்க்கிறோம். ஒவ்வொரு தொட்டியும் 2 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம். தொட்டிக்கு 20 வாட் எல்.இ.டி பட்டை விளக்கு இரண்டு, காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை எரிகிறது. ஒரு மாதத்திலேயே இலைகள் கரைகின்றன. பச்சை நூல் போல பாசியும் படர்ந்துவிட்டது. வெளிச்சம் போதவில்லை, மூன்றாவது விளக்கு மாட்டுங்கள் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? இல்லை, செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாமா?”

- ஒரு வாசகி, திருவள்ளூர் மாவட்டம்.

இரண்டும் வேண்டாம். இந்தத் தொட்டிகளில் வெளிச்சம் குறைவாக இல்லை, மிக அதிகமாக இருக்கிறது. கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும்.

முதலில் தண்ணீரின் அளவு. அடியில் 2 அங்குலம் மண்ணும் கல்லும், மேலே 2 அங்குலம் காலி இடமும் போனால் தண்ணீர் நிற்பது 14 அங்குலம். அது சுமார் 2.33 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்பதால், தொட்டியில் இருப்பது ஏறக்குறைய 66 லிட்டர்.

அடுத்து வெளிச்சம். விளக்கின் அட்டைப்பெட்டியில் வாட்டுக்குப் பக்கத்தில் ‘லூமென்’ என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். பார்க்க வேண்டியது அதைத்தான். வாட் என்பது மின்சாரச் செலவு, லூமென்தான் வெளிச்சம். எல்.இ.டி விளக்குகள் பொதுவாக ஒரு வாட்டுக்கு 80 முதல் 100 லூமென் தரும். 100 என்றே வைத்துக்கொண்டால், 40 வாட்டுக்கு 4,000 லூமென். 66 லிட்டருக்குப் பங்கிட்டால் லிட்டருக்கு 60 லூமென் வருகிறது.

நீர்ச்செடி வளர்ப்பவர்கள் கையாளும் தோராயக் கணக்கு இது: நிழல் தாங்கும் செடிகளுக்கு லிட்டருக்கு 10 முதல் 20 லூமென் போதும். நடுத்தரச் செடிகளுக்கு 20 முதல் 40. அதற்கு மேல் போனால், சிலிண்டர் வைத்துக் கரியமில வாயுவைத் தண்ணீருக்குள் செலுத்த வேண்டியிருக்கும். வாசகி வளர்க்கும் அனுபியாஸ், கிரிப்டோகோரைன் இரண்டும் நிழல் தாங்குபவை. வாலிஸ்னேரியாவும் குறைந்த வெளிச்சத்தில் சமாளித்துக்கொள்ளும்.

வெளிச்சம் கூடினால் செடி வேகமாகத்தானே வளர வேண்டும்? வயலில் அது சரி. தண்ணீருக்குள் கரியமில வாயு பரவுவது, காற்றில் பரவுவதைவிட சுமார் 10,000 மடங்கு மெதுவாக நடக்கிறது. விளக்கு எவ்வளவு எரிந்தாலும் இரை கிடைக்காமல் செடி நின்றுவிடுகிறது. மிஞ்சிய வெளிச்சத்தைப் பாசி எடுத்துக்கொள்கிறது. உரம் கூடிப்போன வயலில் களை முந்திக்கொள்வது போலத்தான்.

ஆகவே தொட்டிக்கு ஒரு விளக்கைக் கழற்றிவிட வேண்டும். மீதி விளக்கு லிட்டருக்கு 30 லூமென் தரும். அதையும் தொட்டியின் மேல்விளிம்பிலிருந்து அரை அடி உயர்த்திக் கட்டினால் வெளிச்சம் பரவி, உள்ளே விழுவது குறையும். கழற்றிய ஆறு விளக்குகள், பிறகு தொட்டி கூட்டும்போது ஆறு தொட்டிக்கு ஆகும். புதிதாக வாங்கும்போது 6500 கெல்வின் என்று போட்ட சாதாரண வெள்ளை விளக்கே போதும். ‘செடிக்கென்றே தயாரித்தது’ என்று கூடுதல் விலை சொன்னால் கொடுக்கத் தேவையில்லை.

எரியும் நேரத்தையும் குறைக்க வேண்டும். முதல் மூன்று வாரம் நாளுக்கு 6 மணி நேரம். பாசி அடங்கிய பிறகு வாரம் அரை மணி நேரம் கூட்டி, 7 அல்லது 8 மணி நேரத்தில் நிறுத்திக்கொள்ளலாம். ஒரு நாள் மறந்து, மறுநாள் சேர்த்துப் போடுவது ஆகாது. பிளக்கில் செருகும் டைமர் ஒன்று இருந்தால் அந்தக் கவலை இல்லை. ஜன்னல் வெயில் நேராகத் தொட்டியில் விழுந்தால், விளக்கைக் குறைத்துப் பயனில்லை. திரை போட்டு மறைக்க வேண்டும்.

மின்சாரத்தையும் பாருங்கள். இப்போது ஆறு தொட்டிக்கும் நாளுக்கு 2.88 யூனிட், இரண்டு மாதத்துக்குச் சுமார் 173 யூனிட் ஆகிறது. ஒரே விளக்கு, 7 மணி நேரம் என்றால் சுமார் 50 யூனிட்தான்.

இலை கரைவதற்குப் பெரும்பாலும் வேறு காரணம். பண்ணைகளில் அனுபியாஸ், கிரிப்டோகோரைன் செடிகளைத் தண்ணீருக்கு வெளியே, ஈர மண்ணில் வளர்ப்பது வழக்கம். தண்ணீருக்குள் வந்ததும் பழைய இலைகளை உதிர்த்துவிட்டு, நீருக்கேற்ற புது இலைகளை விடும். கிரிப்டோகோரைனில் இது அதிகம். ஒன்றுமே மிஞ்சவில்லை என்பது போலத் தோன்றும். பிடுங்க வேண்டாம். வேர் வெண்மையாக, உறுதியாக இருந்தால் மூன்று, நான்கு வாரத்தில் துளிர்க்கும். கூழாகி நாற்றம் அடிப்பதை மட்டும் எடுத்துவிடலாம். அனுபியாஸின் தண்டுக்கிழங்கை மண்ணில் புதைத்திருந்தால் உடனே வெளியே எடுத்து, கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்ட வேண்டும். புதைந்தால் அழுகும்.

இருக்கும் பாசியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் சுற்றி எடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். நான்கு கருப்பு மோலி மீன்களை விட்டால் மிச்சத்தை ஓரளவு மேயும். இதற்கு மாறாக, தண்டு மெலிந்து நீண்டு, கணுக்கள் விலகி, அடியிலை பழுத்தால்தான் வெளிச்சம் குறைவு என்று அர்த்தம். அப்போதும் கூட்ட வேண்டியது அரை மணி நேரம்தான்.

ஈரக்கையோடு வேலை செய்யும் இடம் என்பதால் ஒன்று கவனிக்க வேண்டும். விளக்கின் வயர், பிளக்கைவிடக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி மேலே ஏற வேண்டும். அப்போதுதான் வயரில் வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டும். தொட்டிக்குள் கை விடுவதற்கு முன் சுவிட்சை அணைத்துவிட வேண்டும்.