வேட்பாளருக்கு அந்த மேடையில் இடமில்லை

மெக்சிகோவிலிருந்து குடியேறுகிறவர்களைப் பற்றி டொனால்டு ட்ரம்ப் பேசிய பேச்சைக் காரணம் காட்டி, அவரோடு வைத்திருந்த வணிக உறவை முறித்துக்கொள்வதாக அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி 2015 ஜூன் மாதம் அறிவித்தது. ஐந்து மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் 7ஆம் தேதி சனிக்கிழமை இரவு, அதே என்பிசியின் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சிக்கு அன்றைய தொகுப்பாளராக வந்து நின்றார் ட்ரம்ப். நியூயார்க்கில் நிலையத்தின் வாசலில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் திரண்டு முழக்கமிட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே, குடியரசுக் கட்சியின் வேட்பாளராகப் போட்டியிட்டுக்கொண்டிருந்தவர் பாப் பாட்டின் பகடிக்கு நடனமாடினார். அரங்கம் கைகொட்டிச் சிரித்தது.

ஐம்பது ஆண்டுகளைக் கடந்துவிட்ட அந்த நிகழ்ச்சியின் அரசியல் நகைச்சுவை ஏன் நீர்த்துப்போனது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். நடிகர்களுக்குத் திறமை போதவில்லை என்பார்கள். ஒரு கட்சிக்குச் சாய்ந்துவிட்டது என்பார்கள். நாட்டு நடப்பே கேலிக்கூத்தாகிவிட்ட பிறகு கேலி செய்ய என்ன மிச்சம் என்பார்கள். நமக்குத் தெரிந்த முதற்காரணம் வேறு. யாரைக் கேலி செய்ய வேண்டுமோ அவர்களையே விருந்தாளியாக அழைத்து மேடையில் அமர்த்திக்கொண்டது அந்த நிகழ்ச்சி. எழுத்தாளர் செய்ய வேண்டிய வேலையை நட்சத்திரத்தின் முகத்திடம் ஒப்படைத்தது. இரண்டும் ஒரே வியாபாரப் புத்தியில் பிறந்தவை.

அந்தக் காலம்போல வருமா என்ற புலம்பலை நாம் இங்கே சேர்த்துக்கொள்ளவில்லை. ‘சாட்டர்டே நைட் லைவ்’ செத்துவிட்டது என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதாத பத்தாண்டு இல்லை. 1975 அக்டோபர் 11 அன்று நிகழ்ச்சியைத் தொடங்கிய லார்ன் மைக்கேல்ஸ் 1980இல் விலகியதும் வந்த பருவம் படுதோல்வி. 1985இல் அவர் திரும்பி வந்து அமைத்த முதல் குழுவும் தேறவில்லை. 1995இல் ‘நியூயார்க்’ வார இதழ் அட்டைப்படக் கட்டுரையே எழுதி அதைக் கிழித்துத் தொங்கவிட்டது. ஒவ்வொரு தலைமுறைக்கும் தான் பள்ளிப் பருவத்தில் பார்த்த குழுவே சிறந்த குழு. ஒன்றரை மணி நேர நேரலை. திங்கட்கிழமை யோசனை, செவ்வாய் இரவு முழுக்க எழுத்து, புதன்கிழமை வாசிப்பு, பிறகு அரங்கம் அமைத்து ஒத்திகை, சனிக்கிழமை இரவு பதினொன்றரைக்கு ஒளிபரப்பு. இந்த ஓட்டத்தில் பாதிக் காட்சிகள் சொதப்புவது எல்லாக் காலத்திலும் நடந்ததுதான். ஆகவே பொதுவான தரத்தைப் பற்றிச் சண்டை வேண்டாம். அரசியல் நகைச்சுவைக்கு மட்டும் நேர்ந்தது என்ன என்று பார்ப்போம்.

1986 டிசம்பரில் வந்த ஒரு குறுநாடகத்தை எடுத்துக்கொள்ளலாம். ஈரானுக்கு ஆயுதம் விற்று, அந்தப் பணத்தை நிகரகுவாவின் கான்ட்ரா படைகளுக்கு மடைமாற்றிய ஊழல் வெடித்திருந்த நேரம். அதிபர் ரீகனுக்கு எதுவும் நினைவில்லை, பாவம் வயதானவர் என்று அவருடைய ஆதரவாளர்களே பேசிக்கொண்டிருந்தார்கள். ராபர்ட் ஸ்மைகலும் மற்றவர்களும் எழுதிய அந்தக் காட்சியில் ஃபில் ஹார்ட்மன் ரீகனாக வருகிறார். சாரணச் சிறுமியோடு படம் எடுத்துக்கொள்ளும்போது குழந்தைபோலச் சிரிக்கிற தாத்தா. கதவு சாத்தப்பட்டதும் அத்தனை பேரையும் விரட்டி வேலை வாங்கும் சூத்திரதாரி. தொலைபேசியில் அரபியில் பேரம் பேசுகிறார், வட்டிக் கணக்கை மனத்திலேயே போடுகிறார். அடுத்த விருந்தாளி வந்ததும் மறுபடி தாத்தா. மக்களுக்குத் தெரிந்த ரீகனைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டு, ‘ஒன்றும் தெரியாது’ என்ற தற்காப்பையே சிரிப்புக்கு உள்ளாக்கியது அது. பாருங்கள், ஹார்ட்மனின் குரல் ரீகன் குரலோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது அங்கே இரண்டாம் பட்சம். அந்தக் காட்சிக்கு ஒரு கருத்து இருந்தது.

நடிகர் செவி சேஸ் அதற்கும் முன்பே இதைச் செய்து காட்டியிருந்தார். 1975இல் அவர் அதிபர் ஜெரால்டு ஃபோர்டாக நடித்தபோது முகப்பூச்சும் கிடையாது, குரல் மாற்றமும் கிடையாது. தடுக்கி விழுவார், மேசையோடு சரிவார், அவ்வளவுதான். நாடு பார்த்த ஃபோர்டின் மீது அந்தத் தடுமாற்றம் ஒட்டிக்கொண்டது. 1988இல் டேனா கார்வி அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் புஷ்ஷாகவும் ஜான் லவிட்ஸ் அவருடைய எதிர்வேட்பாளர் மைக்கேல் டுகாகிஸாகவும் விவாத மேடையில் நின்ற காட்சியில், புஷ் உளறி முடித்ததும், இந்த மனிதரிடமா நான் தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்று டுகாகிஸ் வியந்துபோகிறார். ஒரே வரியில் இருவருக்கும் அடி. ஒருவருடைய வெறுமைக்கும், அதை வெல்லத் தெரியாத இன்னொருவரின் கையாலாகாத்தனத்துக்கும்.

இவற்றில் பலவற்றின் பின்னால் இருந்தவர் ஜிம் டவுனி என்ற எழுத்தாளர். 2000ஆம் ஆண்டு முதல் அதிபர் விவாதம் முடிந்த அதே வாரம், அல் கோரைப் பெருமூச்சு விடுகிற, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கழுத்தறுக்கிற மனிதராக அவர் எழுதினார். டாரல் ஹாமண்ட் நடித்தார். அந்த ஒளிப்பதிவைக் கோருக்குப் போட்டுக்காட்டி, அடுத்த விவாதத்துக்கு முன் திருத்திக்கொள்ளச் சொன்னார்கள் அவருடைய ஆலோசகர்களே. 2008 பிப்ரவரியில், பத்திரிகையாளர்கள் பராக் ஒபாமாவைத் தாங்கித் தாங்கிக் கேள்வி கேட்பதாக டவுனி எழுதிய காட்சி வந்த சில நாளில், ஹிலாரி கிளிண்டன் உண்மையான விவாத மேடையிலேயே அதைச் சுட்டிக்காட்டிப் பேசினார். தன் ரசிகர்கள் பெரிதும் விரும்பிய வேட்பாளரைச் சுற்றியிருந்த மயக்கத்தையே நிகழ்ச்சி கேலி செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். யார் மனமும் கோணாமல் நடந்துகொள்ள வேண்டும் என்ற கவலை அந்த எழுத்தில் இல்லை.

அதே ஆண்டுதான் சறுக்கலும் வேகமெடுத்தது. 2008 செப்டம்பரில் டினா ஃபே, குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினாக வந்தார். முக ஒற்றுமை அச்சு அசலாக இருந்தது. தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில் பேலின் சொன்ன பதிலைக் கிட்டத்தட்ட அப்படியே ஒப்பித்தபோது நாடு விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்க வேண்டிய காட்சிதான். ஆனால் அக்டோபர் 18 அன்று பேலினே நேரில் வந்தார். 14 ஆண்டுகளில் காணாத கூட்டம் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தது. அந்த வெற்றியிலிருந்து தயாரிப்பாளர்கள் இரண்டு பாடம் கற்றார்கள், இரண்டும் தவறு. ஒன்று, அரசியல்வாதி சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னால் போதும். மற்றொன்று, அரசியல்வாதியையே அழைத்து வந்தால் இன்னும் நல்லது.

அரசியல்வாதிகளை அழைக்கும் பழக்கம் முதல் பருவத்திலேயே தொடங்கியது உண்மை. 1976 ஏப்ரலில் ஃபோர்டின் செய்தித் தொடர்பாளர் ரான் நெசன் தொகுப்பாளராக வந்தார். அதிபரே சில வரிகளைப் பதிவு செய்து கொடுத்தார். வெள்ளை மாளிகைக்கும் சிரிக்கத் தெரியும் என்று காட்டுவது அவர்களின் கணக்கு. அன்றைக்கு எழுத்தாளர்கள் அந்தக் கணக்குக்குப் பணியவில்லை. வழக்கத்தைவிடக் காரசாரமாகவும் கூச்சமில்லாமலும் எழுதி, நெசனைச் சங்கடத்தில் நெளியவைத்தார்கள். 2015இல் ட்ரம்ப் வந்தபோது அப்படி ஒரு வரியாவது வந்ததா? அதற்கு ஒரு மாதம் முன்பு, தன்னையே நடித்துக்காட்டும் கேட் மெக்கின்னனின் பக்கத்தில் மதுக்கடைப் பணிப்பெண்ணாக ஹிலாரி கிளிண்டன் நின்றபோதுதான் வந்ததா? தேர்தலில் தோற்றுப்போன மூத்த புஷ், 1992 டிசம்பரில் டேனா கார்வியை வெள்ளை மாளிகைக்கு அழைத்துத் தன்னைப்போல் பேசவைத்து மகிழ்ந்தார். அது பண்பு. வாக்குக் கேட்டுக்கொண்டிருப்பவர் தன்னைப் பகடி செய்பவரின் தோளில் கைபோட்டுக்கொள்வது பிரசாரம்.

இந்த வேறுபாடு மைக்கேல்ஸுக்குத் தெரியாததல்ல. போட்டியில் இருக்கிற வேட்பாளர்களை அழைத்தால் மற்றவர்களுக்கும் சம நேரம் தர வேண்டிய சட்டச் சிக்கல் இருக்கிறது, அதனால் அழைக்க முடியாது என்று 2024 இலையுதிர் காலத்தில் அவரே பேட்டியில் சொன்னார். ஆனால் நவம்பர் 2 அன்று, வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் முன்பு, அதிபர் வேட்பாளர் கமலா ஹாரிஸ் வந்தார். மாயா ருடால்ஃப் அவராகவே வேடமிட்டிருக்க, இருவரும் கண்ணாடிக்கு இருபுறமும் நின்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள். அது நையாண்டியே அல்ல, வாழ்த்துரை. பிறகு என்பிசி, கார்ப் பந்தய ஒளிபரப்பிலும் அமெரிக்கக் கால்பந்து ஒளிபரப்பிலும் ட்ரம்புக்கு இலவச நேரம் கொடுத்துக் கணக்கை நேர் செய்தது. ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி இரண்டு வேட்பாளர்களுக்கும் விளம்பர நேரம் வாங்கித் தந்ததுதான் அந்த வாரத்தின் விளைவு.

நட்சத்திர மோகத்துக்கு வருவோம். 2016 அக்டோபரிலிருந்து அலெக் பால்ட்வின் ட்ரம்பாக வந்தார். மறு ஆண்டு எம்மி விருதும் பெற்றார். பிதுங்கிய உதடு, சுருங்கிய கண், தலைமுடி. வாரா வாரம் அந்த வாரச் செய்தியை ஒப்பித்தார். நீதிபதி பிரெட் கேவனாவாக மேட் டேமன், சிறப்பு விசாரணையாளர் ராபர்ட் முல்லராக ராபர்ட் டி நீரோ என்று திரையுலகப் பிரமுகர்கள் வரிசையாக நுழைய, நிகழ்ச்சியின் சொந்தக் குழுவினர் பல வாரம் ஓரமாக நின்றார்கள். யார் வருகிறார் என்று தெரிந்ததும் ஆரவாரம் கிளம்பும். வந்தவர் என்ன சொல்கிறார் என்பது பெரிதாகப் பொருட்படுத்தப்படவில்லை. இணையத்தில் மறுநாள் காலை வெட்டி ஒட்டப்படும் துண்டுக் காட்சிக்கு அதுவே போதுமானதாக இருந்தது. விதிவிலக்கு உண்டு: வெள்ளை மாளிகைச் செய்தித் தொடர்பாளர் ஷான் ஸ்பைசராக மெலிசா மெக்கார்த்தி 2017 பிப்ரவரியில் பேச்சு மேடையையே தள்ளிக்கொண்டு நிருபர்கள் மீது பாய்ந்தது நல்ல எழுத்து, நல்ல நடிப்பு. ஆனால் ட்ரம்ப் வென்ற வாரம், கேட் மெக்கின்னன் ஹிலாரி வேடத்தில் பியானோ முன் அமர்ந்து சோகப் பாட்டுப் பாடித்தான் நிகழ்ச்சி தொடங்கியது. அந்தத் துயரம் உண்மையானது. நாம் அதைக் குறை சொல்லவில்லை. தோற்றவர் ஏன் தோற்றார் என்ற கேள்வியை மட்டும் அந்த மேடை கேட்கவில்லை. 1988இல் அதே கேள்வியைத்தான் கேட்டது.

ஜோ பைடன் விஷயத்தில் குழப்பம் அம்பலமானது. ஜேசன் சுடேகிஸ், வுடி ஹாரெல்சன், ஜிம் கேரி, அலெக்ஸ் மொஃபாட், ஜேம்ஸ் ஆஸ்டின் ஜான்சன், டேனா கார்வி என்று ஆள்மாற்றி ஆள் அவராக வந்தார்கள். இத்தனை முகங்களை மாற்றியவர்கள், அந்த மனிதரைப் பற்றித் தங்களுக்கு என்ன கருத்து என்று தீர்மானிக்கவே இல்லை.

நடப்பே கேலிக்கூத்தாகிவிட்டதால் நையாண்டி செய்ய முடியாது என்ற வாதத்தை அந்த மேடையிலேயே ஒருவர் பொய்யாக்கியிருக்கிறார். 2021இல் குழுவில் சேர்ந்த ஜேம்ஸ் ஆஸ்டின் ஜான்சன் ட்ரம்பாகப் பேசும்போது, ஒரு வாக்கியம் முடிவதற்குள் வேறொன்றில் தாவி, அங்கிருந்து ஏதோ ஒரு பழைய படத்துக்கோ பிரபலத்துக்கோ போய், தொடங்கிய இடத்தை மறந்து, கேட்பவரையும் மறக்கவைக்கிறார். அந்தப் பேச்சு எப்படி ஆளை இழுத்துக்கொண்டு போகிறது என்பதை அவர் கண்டுபிடித்திருக்கிறார். பால்ட்வின் உதட்டைப் பிடித்தார். இவர் மனத்தின் போக்கைப் பிடித்தார். பெரிய நட்சத்திரம் அல்லாத ஒரு நடிகர், கூர்ந்து கவனித்ததால் செய்ய முடிந்த வேலை இது.

இப்போது இதைப் பற்றிப் பேசுவதற்கு அவசரமான காரணமும் இருக்கிறது. 2019 பிப்ரவரியில், தன்னைக் கேலி செய்த இந்த நிகழ்ச்சியைக் குறிப்பிட்டு, பதிலடி இல்லாமல் இவர்கள் எப்படித் தப்புகிறார்கள் என்று ட்ரம்ப் பகிரங்கமாகக் கேட்டார். 2025 ஜூலையில் நகைச்சுவையாளர் ஸ்டீபன் கோல்பேரின் இரவு நிகழ்ச்சியை முடித்துக்கொள்வதாக சிபிஎஸ் அறிவித்தது. பொருளாதாரக் காரணம்தான் என்று அந்நிறுவனம் சொன்னாலும், பலர் நம்பவில்லை. செப்டம்பரில் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தின் தலைவர் எச்சரித்த கையோடு இன்னொரு நகைச்சுவையாளர் ஜிம்மி கிம்மலின் நிகழ்ச்சியை ஏபிசி சில நாள் நிறுத்தி வைத்தது. அதிகாரத்தில் இருப்பவர் சிரிப்பைக் கண்டு கோபப்படுகிற காலத்தில், அந்தச் சிரிப்பு யாருக்கும் கடன்பட்டதாக இருக்கக் கூடாது. ஒரு தேர்தலில் ஒருவரையும் இன்னொரு தேர்தலில் அவருடைய எதிராளியையும் மேடையேற்றிக் கொஞ்சிய நிகழ்ச்சி, நெருக்கடி வரும்போது எந்தத் தார்மிக பலத்தில் எதிர்த்து நிற்கும்?

தன் முதலாளியைக் கடிக்கும் துணிச்சலும் அங்கே ஒரு காலத்தில் இருந்தது. 1998 மார்ச்சில், என்பிசியின் அன்றைய உரிமையாளரான ஜெனரல் எலக்ட்ரிக் உட்பட ஊடகங்களை விழுங்கிய பெருநிறுவனங்களைத் தாக்கி ராபர்ட் ஸ்மைகல் உருவாக்கிய கேலிச்சித்திரப் படம் ஒளிபரப்பானது. மறு ஒளிபரப்பில் அதை வெட்டிவிட்டார்கள். வெட்டப்படும் அளவுக்கு அதில் உண்மை இருந்தது. நிலையம் இன்று காம்காஸ்ட் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அதைப் பற்றியும் அந்தக் கூர்மையோடு எழுதக்கூடியவர்கள் எழுத்தாளர் அறையில் நிச்சயம் இருப்பார்கள். அவர்களை எழுதவிட வேண்டும்.

வாரந்தோறும் அரசியலில்தான் தொடங்க வேண்டும் என்ற கட்டாயத்தை முதலில் கைவிட வேண்டும். சொல்வதற்கு ஏதாவது இருக்கிற வாரம் தொடங்கினால் போதும். அரசியல் வேடங்களைச் சொந்தக் குழுவினருக்கே கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 2028 அதிபர் தேர்தலில் போட்டியிடும் எவரையும், எந்தக் கட்சியினராக இருந்தாலும், ஒரு நிமிடத் தோற்றத்துக்குக்கூட அழைப்பதில்லை என்று லார்ன் மைக்கேல்ஸ் இப்போதே அறிவிக்க வேண்டும். 2024இல் சொன்ன சொல்லை அவர் காப்பாற்றவில்லை. இந்த முறை காப்பாற்ற வேண்டும்.