கடலில் கொட்டினாலும் அளந்து கொட்டு!

குவைத்தில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. துபாயிலும் வருகிறது. பிழைப்புக்காக அங்கே போன தமிழர்கள் அதைத்தான் குடிக்கிறார்கள். அதில்தான் சோறு பொங்குகிறார்கள்.

அது மழைத் தண்ணீரா? இல்லை. ஆற்றுத் தண்ணீரா? அதுவும் இல்லை. அதில் பெரும்பகுதி கடல் தண்ணீர்! ஆலையில் உப்பைப் பிரித்து, நல்ல தண்ணீராக்கிக் குழாயில் விடுகிறார்கள். பிரித்த உப்பு எங்கே போகிறது? எடுத்த கடலுக்கே திரும்பிப் போகிறது.

அந்தக் கடல்தான் பாரசீக வளைகுடா.

ஆழம் இல்லாத கடல்

இதன் நீளம் சுமார் 1,000 கிலோ மீட்டர். ஆனால் சராசரி ஆழம் சுமார் 35 மீட்டர்தான். அந்த ஆழத்தில் பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தை நிறுத்தினால், மொட்டை மாடி தண்ணீருக்கு மேலே தெரியும்!

மழையோ குறைவு. வெயிலோ கொடுமை. ஓர் ஆண்டில் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு மேல் தண்ணீர் ஆவியாகிவிடுகிறது. ஒரு மனிதனின் கழுத்தளவுத் தண்ணீர்! யூப்ரடீஸ், டைகிரிஸ், காரூன் ஆறுகள் கொண்டுவரும் தண்ணீர் இதை ஈடுகட்டப் போதாது.

போவது தண்ணீர். நிற்பது உப்பு. உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அப்படியானால் அந்தக் கடல் இதற்குள் உப்பளமாகி இருக்க வேண்டுமே? ஏன் ஆகவில்லை?

ஒரு வாசல், இரண்டு வழி

வளைகுடாவுக்கு ஒரே வாசல்தான். அது ஹோர்முஸ் நீரிணை. அந்த வாசலில் ஓர் அதிசயம் நடக்கிறது.

மேலே, உப்புக் குறைந்த தண்ணீர் உள்ளே வருகிறது. அதில் கிலோவுக்குச் சுமார் 37 கிராம் உப்பு. அது ஈரான் கரையோரமாக வடமேற்கே போகிறது. பிறகு திரும்பி அரபுக் கரையோரமாக வருகிறது. வழியில் வெயிலில் காய்ந்து உப்பேறுகிறது. பனிக்காலத்தில் குளிர்கிறது. உப்பும் குளிரும் சேர்ந்தால் தண்ணீர் கனமாகும். கனத்த தண்ணீர் அடியில் இறங்கி, அதே வாசல் வழியாக வெளியே போகிறது. அதில் கிலோவுக்குச் சுமார் 40 கிராம் உப்பு!

இப்படி அடியில் வெளியேறும் தண்ணீர் விநாடிக்குச் சுமார் 15 கோடி லிட்டர். இந்த ஓட்டம்தான் வளைகுடாவைக் காப்பாற்றுகிறது.

1991 தந்த பாடம்

1991 ஜனவரியில், யுத்தத்தின்போது, குவைத் அருகே ஏராளமான எண்ணெய் கடலில் கலந்தது. காற்றும் நீரோட்டமும் அதைத் தெற்கே, சவூதிக் கரையோரமாகத் தள்ளின. ஜுபைல் குடிநீர் ஆலைக்கு ஆபத்து வந்தது. மிதவைத் தடுப்புகள் போட்டு ஆலையைக் காத்தார்கள். வழியில் இருந்த அபு அலி தீவும் எண்ணெயில் பெரும்பகுதியைத் தடுத்து நிறுத்தியது.

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது பள்ளிக்கூடப் பாடம் மட்டும் அல்ல. அது குடிநீர்ப் பிரச்சினை!

கம்ப்யூட்டர் போடும் கணக்கு

இந்த ஓட்டத்தை விஞ்ஞானிகள் கம்ப்யூட்டரில் கணக்கிடுகிறார்கள். கடலைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். மேலிருந்து அடிவரை அடுக்கடுக்காகவும் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வரவு செலவு உண்டு. எவ்வளவு தண்ணீர் வந்தது? எவ்வளவு போனது? உப்பு எவ்வளவு? சூடு எவ்வளவு? காற்று, வெயில், ஆற்று நீர் எல்லாவற்றையும் சேர்த்துக் கம்ப்யூட்டர் கூட்டிக் கழித்துச் சொல்கிறது. இல்லத்தரசி போடும் மாதக் கணக்கு மாதிரிதான். கட்டங்கள்தான் அதிகம்!

ஆனால், வரவைத் தப்பாக எழுதினால் கணக்கு சரியாக வருமா? கடலில் இறங்கி அளந்தால்தான் கம்ப்யூட்டர் சொல்வது மெய்யா பொய்யா என்று தெரியும். 1992-ல் மவுண்ட் மிட்செல் என்ற அமெரிக்க ஆராய்ச்சிக் கப்பல் சுமார் 100 நாட்கள் அந்தக் கடலை அளந்தது. அந்த மாதிரி வேலை எப்போதோ ஒரு முறை நடந்தால் போதாது.

ஒரே கவளத்தில் உப்பு

"வெயில் குடிக்கும் தண்ணீருக்கு முன்னால் ஆலைகள் எடுப்பது எம்மாத்திரம்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது உண்மைதான். வளைகுடா முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், ஆலைகளால் ஏறும் உப்பு சொற்பமே.

ஆனால் பானைச் சோறு முழுவதற்கும் போடவேண்டிய உப்பை ஒரே கவளத்தில் வைத்தால் தின்ன முடியுமா? ஆலைகள் உப்பு நீரைக் கொட்டுவது கரையோரத்தில். அரபுக் கரையோரம் ஆழம் குறைவு. பஹ்ரைனுக்குத் தெற்கே உள்ள சல்வா குடாவில் இப்போதே கிலோவுக்கு 50 கிராமுக்கு மேல் உப்பு! கடல்புல்லும், அதை மேய்ந்து வாழும் கடற்பசுவும் எவ்வளவுதான் தாங்கும்? கொட்டிய உப்பு நீர் ஆலையின் வாய்க்கே திரும்பி வந்தால், நஷ்டம் ஆலைக்கும்தான்.

குடிநீர் ஆலைகளை மூடு என்று யாரும் சொல்ல முடியாது. அவை இல்லாவிட்டால் அந்த நகரங்களே இல்லை. ஆனால் புது ஆலைக்கு அஸ்திவாரம் போடுமுன், அங்கே நீர் எப்படி ஓடுகிறது, கொட்டும் உப்பு எங்கே போய்ச் சேரும் என்று கணக்குப் பார்க்கவேண்டும். அந்தக் கணக்கை ஜனங்கள் அறிய வெளியிடவேண்டும்.

வளைகுடாவைச் சுற்றி எட்டு நாடுகள். கடலைக் காக்க 1978-லேயே குவைத்தில் எட்டும் கூடி ஒப்பந்தம் செய்தன. நாடுகளுக்குள் சண்டை வரலாம், போகலாம். தண்ணீருக்கு எல்லைக்கோடு தெரியாது. ஒரு நாட்டின் கரையில் கலந்தது இன்னொரு நாட்டின் கரைக்குப் போய்ச் சேரும். ஆகவே உப்பு, சூடு, நீரோட்டம் மூன்றையும் ஆண்டு முழுவதும் அளந்து, எட்டு நாடுகளும் ஒரே கணக்கில் எழுதவேண்டும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். கடலுக்கும் அதே புத்திமதிதான். கொட்டத்தான் வேண்டும் என்றால், அளந்து கொட்டுங்கள்!