ஏழரைக் குதிரை

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுட்டே வந்த மேட்டர் இது. போன வாரம் பையன் வாயைக் கிளறிட்டதால இன்னிக்கு உட்கார்ந்துட்டேன்.

நான் ஓட்டறது 2008 மாடல் ஸ்ப்ளெண்டர் ப்ளஸ். டேங்க்ல இன்னும் 'ஹீரோ ஹோண்டா'ன்னுதான் இருக்கு. (ரெண்டு கம்பெனியும் பிரியறதா 2010 டிசம்பர்லயே சொல்லிட்டாங்க. என் வண்டிக்கு இன்னும் தகவல் போய்ச் சேரலை.) 97.2 சிசி, ஒத்தை சிலிண்டர், நாலு கியர், சுமாரா ஏழரை குதிரை பவர். ஏழரைச் சனி மாதிரி 'ஏழரைக் குதிரை'ன்னு வீட்ல பேரு வெச்சிட்டாங்க. 2021-ல சூரமங்கலத்துலயே ஒரு பால்கார அண்ணன்கிட்ட வாங்கினது. கேன் தொங்கின கம்பியோட தழும்பு ரெண்டு பக்கமும் இன்னும் இருக்கு.

பையன் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். அவன் சொன்னது: "அப்பா, இது அங்கிள் வண்டிப்பா. ஒண்ணு எனக்கு 200 சிசி வாங்கிக் குடுங்க. இல்லேன்னா இதையே வெட்டி கஃபே ரேசர் ஆக்கிக் குடுங்க. உங்களுக்கு வயசாயிடுச்சு, அதான் இதுல போறீங்க."

கடைசி வரிதான் சுருக்குன்னு குத்திடுச்சு. வயசானதால நான் சின்ன வண்டிக்கு வரலைங்க. அதைச் சொல்லத்தான் இந்தப் புலம்பல்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 1998-ல என் முதல் வண்டி செகண்ட் ஹேண்ட் ஆர்எக்ஸ் 100. 98 சிசி டூ ஸ்ட்ரோக், 11 குதிரை. 1985-ல வந்து 1996-லயே நின்னு போன வண்டி, ஆனா மவுசு இன்னும் குறையலை. ஜங்ஷன் ரோட்டுல நான் வர்றது நாலு தெருவுக்குக் கேக்கும். கேக்கணும்னுதானே சைலன்சருக்குள்ள இருந்ததை உருவிப் போட்டேன்! அப்புறம் 2003-ல பல்சர் 180. 2014-ல, நாற்பதைத் தொடற வயசுல, 390 டியூக். 373 சிசி, 43 குதிரை. மூணுமே நல்ல வண்டிங்க. எந்த வண்டியையும் குறை சொல்ல நான் வரலை. குறை எல்லாம் வலது கை மணிக்கட்டுல இருந்துச்சு.

2018-ல ஒரு ராத்திரி கிருஷ்ணகிரியில இருந்து திரும்பி வர்றேன். தொப்பூர் கணவாய் இறக்கம். நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு அந்த இடத்தைப் பத்திச் சொல்லத் தேவையில்லை. எதிர்ல வெளிச்சம் வந்ததால லைட்டை டிம் பண்ணியிருந்தேன். வேகம் 100. திடீர்னு முன்னாடி கறுப்பா ஒரு சுவர். ரோட்டோரம் பாதி உள்ளயும் பாதி வெளியவுமா நின்ன லாரி. பின்னாடி ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. பிரேக் பிடிச்சேன், ஆனா நிக்காதுன்னு தெரிஞ்சு போச்சு. வலப்பக்கம் ஒடிச்சேன். லாரியோட மூலை என் தோள்ல இருந்து ஒரு சாண் தூரத்துல போச்சு. அந்த நேரம் பின்னாடி ஒரு பஸ் வந்திருந்தா இன்னிக்கு இந்த மொக்கையை நீங்க படிக்க வேண்டி இருந்திருக்காது.

கீழ ஒரு டீக்கடையில அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். டீ கிளாஸைப் பிடிக்க முடியலை, கை அப்படி ஆடுது. ரெண்டு மாசத்துல வண்டியை வித்துட்டேன். அடுத்த மூணு வருஷம் வீட்டம்மா ஸ்கூட்டர்தான்.

பயந்து வித்துட்டேன்னு சொன்னா அது உண்மை. ஆனா பயம் தெளிஞ்சதுக்கப்புறம் ஒரு நாள் பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதை நீங்களும் பாருங்க.

லைட்டை டிம்ல வெச்சா நம்ம கண்ணுக்குத் தெளிவாத் தெரியறது சுமாரா 40, 50 மீட்டர். 100-ல போகும்போது ஒரு செகண்டுக்கு 28 மீட்டர் ஓடுது. கண்ணு பார்த்து, மூளை புரிஞ்சு, கை பிரேக்கைத் தொடறதுக்குள்ள அந்த ஒரு செகண்ட் போயிடும். அதுக்கப்புறம் நல்ல டிஸ்க் பிரேக், காய்ஞ்ச ரோடு எல்லாம் இருந்தாக்கூட நிக்கறதுக்கு இன்னும் 55 மீட்டர் வேணும். மொத்தம் 83. கண்ணுக்குத் தெரியறது 50. மிச்சம் 33 மீட்டரை நான் சாமி பேர்ல ஓட்டிட்டிருந்தேன். அதே 60-ல போனா? டிஸ்க் பிரேக் வண்டிக்கு 37 மீட்டர், நல்லா வெச்சிருக்கற டிரம் பிரேக்குக்கு 45 மீட்டர். கண்ணுக்குத் தெரியற தூரத்துக்குள்ளயே நின்னுடும்.

அதாவது ராத்திரியில நம்ம ரோட்டுல ஓட்டக்கூடிய வேகத்தை முடிவு பண்றது இன்ஜின் இல்லை, ஹெட்லைட். அந்த வேகத்துக்கு ஏழரை குதிரை தாராளம்.

பவர் கணக்கு இன்னும் தமாஷ். வேகம் கூடக்கூட எதிர்க்காத்தைத் தள்ளறதுக்கு வேண்டிய பவர், வேகத்தோட மும்மடியா ஏறுது. வேகம் டபுள் ஆகணும்னா பவர் எட்டு மடங்கு வேணும். என் ஸ்ப்ளெண்டர் முக்கி முக்கி 85, 90 போகும். அதைப்போல ஆறு மடங்கு கிட்ட பவர் இருக்கற 390 கூட அதைவிட டபுள் வேகம் போகாது.

இப்ப இதே கணக்கை ஸ்ப்ளெண்டரை 'ஏத்தறேன்'னு கிளம்பற பசங்களுக்குப் போட்டுப் பார்ப்போம். சிலிண்டரை போர் பண்ணி, பெரிய பிஸ்டன் போட்டு 110 சிசி ஆக்கறாங்க. பவர் 13 சதவீதம் கூடுதுன்னே வெச்சுக்குவோம். டாப் ஸ்பீடு எவ்வளவு கூடும்? நாலு சதவீதம். கிலோமீட்டர் கணக்குல மூணோ நாலோ. அதுக்காக ஒரு நல்ல இன்ஜினைக் கழட்டிக் கெடுக்கறது. 50 மில்லிமீட்டர் போர், 49.5 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், அடிப்படை 1985-ல வந்த சிடி 100 காலத்துது. இத்தனை வருஷம் உழைச்ச டிசைனை ஒரே மத்தியானத்துல திருத்திடலாம்னு நெனைக்கறோம் பாருங்க!

நிற்க. அப்ப வண்டியில எதையுமே தொடக்கூடாதான்னா, நான் தொட்டிருக்கேன். நல்லாவே தொட்டிருக்கேன். பையன் கேட்ட மாற்றம் வேற, நான் பண்ணினது வேற, அவ்வளவுதான்.

முதல்ல பிரேக். மேல சொன்ன 45 மீட்டர் சும்மா வராது. பால் வண்டியா ஓடி டிரம் ரெண்டும் தேய்ஞ்சு வரி வரியா இருந்துச்சு. புது ஷூ, புது கேபிள், கேம்ல கிரீஸ் எல்லாம் போட்டு, டிரம்மை லேத்துல விட்டு சமம் பண்ணினேன். அதுக்கு முன்னாடி பிரேக் பிடிக்கறது மனு குடுக்கற மாதிரி இருந்துச்சு. இப்ப உடனே உத்தரவு.

ரெண்டாவது டயர். அகல டயர் போட்டா கெத்தா இருக்கும்னு எனக்கும் ஆசை வந்துச்சு. ஆனா ஒல்லி ரிம்முல குண்டு டயரை மாட்டினா ஓரம் உள்ள இழுத்துக்கும். டயரோட வளைவே மாறிப் போய் சாயும்போது ஒரு தினுசா விழும், பிக்கப்பும் குறையும். அதனால அதே 18 இஞ்ச்ல அதே பழைய சைஸ், ஆனா புது டயர். பின்னாடி ஷாக் ரெண்டும் கேன் சுமந்தே செத்துப் போயிருந்துச்சு, அதையும் மாத்தியாச்சு. ஃபோர்க்ல ஆயிலும் சீலும் புதுசு. குண்டும் குழியுமா இருக்கற தெருவுல இந்தச் செலவு குடுத்த சுகத்தை எந்த பிஸ்டனும் குடுக்காது.

மூணாவது லைட். இதுல நான் பண்ணின கூத்தைச் சொல்லணும். முதல்ல கண்ணைப் பறிக்கற வெள்ளை எல்இடி பல்பு மாட்டினேன். எனக்கு பிரமாதமாத் தெரிஞ்சுது. எதிர்ல வர்றவனுக்கு எப்படி இருக்கும்னு ஒரு நாள் பையனை ஓட்டிட்டு வரச்சொல்லி எதிர்ல நின்னு பார்த்தேன். கண்ணு அவிஞ்சு போச்சு. ஆலஜன் பல்புக்குன்னு அமைச்ச ரிஃப்ளெக்டர்ல வேற பல்பைப் போட்டா வெளிச்சம் விழ வேண்டிய இடத்துல விழாம நாலா பக்கமும் சிதறுது. தொப்பூர்ல எனக்கு நடந்ததை நானே இன்னொருத்தனுக்குப் பண்ணியிருப்பேன். கழட்டிட்டேன். மங்கிப் போன ரிஃப்ளெக்டரோட மொத்த ஹெட்லைட்டையும் மாத்தி, எர்த் ஒயரைச் சுரண்டி, பழைய 35 வாட் பல்பையே போட்டேன். போதும்.

நாலாவது ஸ்ப்ராக்கெட். முன்னாடி 14 பல்லுக்கு 15 போட்டுப் பார்த்தேன். அதே வேகத்துல இன்ஜின் சுத்து கிட்டத்தட்ட ஏழு சதவீதம் குறையும், பைபாஸ்ல சத்தமில்லாம போச்சு. ஆனா வீட்டம்மாவை உட்கார வெச்சு ஏற்காடு ஏறினப்ப ஒவ்வொரு கொண்டை ஊசியிலயும் மூச்சு வாங்குச்சு. (வண்டிக்குத்தாங்க!) மறுபடியும் 14.

அஞ்சாவது சீட். முதுகுக்காகப் புது ஃபோம் போட்டுத் தச்சது. இன்ஜின்ல நான் பண்ணினதெல்லாம் டேப்பட் செட்டிங், கார்புரேட்டர் கிளீனிங், நேரத்துக்கு ஆயில். அம்புட்டுதான்.

சட்டம்னு ஒண்ணும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, வண்டி ஓனருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லேன்னா ரெண்டுமே. 15 வருஷம் முடிஞ்சு 2023-ல ஆர்சி புதுப்பிக்கப் போனப்ப, ஆசைக்கு நான் வெட்டிச் சின்னதாக்கின பின் மட்கார்டைப் பார்த்துட்டு "பழையபடி மாட்டிட்டு வாங்க"ன்னு அனுப்பிட்டாங்க. தப்பு என்னுது, வாயை மூடிட்டு வந்து மாட்டினேன். பிரேக், டயர், ஷாக், பல்பு பத்தி யாரும் ஒரு வார்த்தை கேக்கலை. அதெல்லாம் மாத்தினது இல்லையே, சரி பண்ணினதுதானே.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிடறேன். பெரிய வண்டியோட பிரேக்கும் டயரும் லைட்டும் என் வண்டியை விட எவ்வளவோ மேல. 2019 ஏப்ரல்ல இருந்து 125 சிசிக்கு மேல இருக்கற புது வண்டிக்கெல்லாம் ஏபிஎஸ் கட்டாயம், என்கிட்ட அது கிடையாது. நாலு வழிச் சாலையில 60-ல போனா பின்னாடி வர்ற பஸ்காரன் ஹாரன்லயே தள்ளுவான். லாரியை ஓவர்டேக் பண்ற தெம்பு இந்த வண்டிக்கு இல்லை, அதனால பண்றதில்லை. பெங்களூர் போகணும்னா ஜங்ஷன்ல ரயில் ஏறிடறேன், வீட்டுல இருந்து பத்து நிமிஷ நடை. தினமும் நூறு கிலோமீட்டர் ஹைவேயில போறவங்க என் பேச்சைக் கேக்க வேண்டாம். நான் சொல்றது ஐந்து ரோடு, அஸ்தம்பட்டி, ராசிபுரம், ஏற்காடுன்னு சுத்தற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு.

ஏற்காடுன்னதும் ஞாபகம் வருது. போன ஞாயித்துக்கிழமை பையன் ஃப்ரெண்டோட 200 சிசி வண்டியை வாங்கிட்டு வந்தான். "வாங்கப்பா, மலைக்குப் போவோம்." அடிவாரத்துல ஒண்ணா கிளம்பினோம். 20 கொண்டை ஊசி வளைவு. எனக்கு எல்லா கியருக்கும் வேலை இருந்துச்சு, ஆக்சிலேட்டர் முக்கால்வாசி நேரம் முழுசாத் திறந்தே கிடந்துச்சு. ஏரிகிட்ட போய்ச் சேர்ந்தப்ப அவன் பாதி டீ குடிச்சிருந்தான். ஆறு நிமிஷ வித்தியாசம்.

"என்னடா, எப்படி இருந்துச்சு?"

கொஞ்ச நேரம் யோசிச்சான். "நல்லாத்தான்பா இருந்துச்சு. ஆனா மூணாவது கியருக்கு மேல போடவே இல்லை."

நான் ஒண்ணும் சொல்லலை. இறங்கும்போது அவனை ஸ்ப்ளெண்டர்ல வரச் சொன்னேன். "ரெண்டாவது கியர்லயே வா, பிரேக்கையே புடிச்சிட்டு வந்தா டிரம் சூடாகி வழுக்கும்"னு மட்டும் சொன்னேன். கீழ வந்ததும் சாவியைக் குடுத்துட்டு, "சீட் நல்லா இருக்குப்பா"ன்னான். அதுக்கு மேல அவன் வாயில இருந்து வராது. :-)

வண்டி வாங்கித் தர்றேன்னு சொல்லிட்டேன். ஒரே ஒரு கண்டிஷன். ஒரு வருஷம் இந்த ஏழரைக் குதிரைதான். ஆயில் மாத்தறது, செயின் டைட் வைக்கறது, பிரேக் ஷூ மாத்தறது எல்லாம் அவன் கையாலதான். ராத்திரியில 60-க்கு மேல கிடையாது. நான் இந்தப் பாடத்தைத் தலைகீழாப் படிச்சவன், பெரிய வண்டியில ஆரம்பிச்சு, லாரியோட மூலையைப் பார்த்துட்டு, சின்ன வண்டிக்கு வந்தேன். அவனாவது நேரா படிக்கட்டும்.

ஒத்துக்கிட்டானான்னு கேக்கறீங்களா? "யோசிக்கறேன்"னு சொல்லியிருக்கான். இன்னிக்குக் காலையில பார்த்தா வாசல்ல உட்கார்ந்து செயினைத் துடைச்சிட்டிருந்தான்.

டிஸ்கி: மீட்டர் கணக்கெல்லாம் காய்ஞ்ச ரோட்டுக்கும் தூங்கி வழியாத ஆளுக்கும். மழை பேஞ்சா இன்னும் தள்ளி நில்லுங்க. ஹெல்மெட்டைக் கண்ணாடியில மாட்டாம தலையில மாட்டுங்க.