பச்சைத் தண்ணீர் போதாது

மேற்குக் கொச்சியில் வண்டி ஓட்டுகிறவர்களிடம் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. "பச்சவெள்ளம் மதி" (பச்சைத் தண்ணீர் போதும்) என்பார் சுள்ளிக்கல் மெக்கானிக். "கூலண்ட்டெல்லாம் பனி விழுற நாட்டுக்காரனுக்குண்ணே, நமக்கு எதுக்கு?" என்பார் வாளையார் தாண்டி மட்டாஞ்சேரிக்குச் சரக்கு ஏற்றி வந்த தமிழ்நாட்டு டிரைவர். இந்த நம்பிக்கையோடு இன்னும் சிலவும் சேர்ந்து வரும்: தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசு, வண்டி கொதித்தால் உடனே தண்ணீர் ஊற்று, ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடு, தண்ணீர் குறைவது சகஜம்தான். இன்ஜின்கள் அற்ப ஆயுளில் போவதற்கு இந்தப் பேச்சுகள்தான் பெரிய காரணம் என்பது என் கருத்து. இங்கே ஓடுபவற்றில் பெரும்பாலானவை தவணை கட்டி ஓடும் வண்டிகள். இன்ஜினின் சிலிண்டர் ஹெட் ஒருமுறை வளைந்தால் குடும்பத்தின் ஒரு மாத வருமானம் பட்டறையில் கரைந்துவிடும். ஆகவே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பச்சைத் தண்ணீர் போதும் என்ற பேச்சுக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. பழைய அம்பாசடரில் பிளாக்கும் வார்ப்பிரும்பு, ஹெட்டும் வார்ப்பிரும்பு. ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். துரு பிடித்தாலும் கனமான இரும்பு பல வருடம் தாங்கும். ரேடியேட்டர் ஒழுகினால் தெருமுனைக் கடையில் ஈயம் வைத்து அடைத்துவிடலாம். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இல் ஹெட் அலுமினியம். பின்னாளில் வந்த கே-சீரிஸ் இன்ஜின்களில் பிளாக்கும் அலுமினியம். ரேடியேட்டரும் இப்போது அலுமினியம்தான், இரு பக்கமும் பிளாஸ்டிக் தொட்டி. உலோகம் மாறிய பிறகும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

"கூலண்ட் பனி நாட்டுக்கு" என்பது இந்தப் பேச்சுகளில் மிகப் பழையது. கூலண்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால், தண்ணீர் உறையும் புள்ளியைக் கீழே தள்ளுவது உண்மை. அதே பொருள் கொதிநிலையை மேலேயும் தூக்குகிறது. பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரியில்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தமும் சேரும்போது அது 120 டிகிரிக்கும் மேலே போய்விடும். 1930-களில் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் விமான இன்ஜினைக் குளிர்விக்கக் கிளைக்காலைப் பயன்படுத்தியதற்குக் காரணமே வெப்பம்தான். திரவம் கொதிக்காமல் கூடுதல் சூட்டில் ஓட முடிந்தால் சிறிய ரேடியேட்டரே போதும் என்பது அந்தப் பொறியாளர்களின் கணக்கு. கொச்சியிலிருந்து நேரியமங்கலம், அடிமாலி வழியாக மூணாறு ஏறுகிறவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீரின் கொதிநிலை 95 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது. இன்ஜின் அதிகம் உழைக்கிற ஏற்றத்தில், தண்ணீர் சீக்கிரம் கொதிக்கிற உயரத்தில், மூடியும் தேய்ந்துபோயிருந்தால் பச்சைத் தண்ணீர் வண்டியைக் கைவிடுவதற்கு வேறு எதுவும் வேண்டியதில்லை.

"தண்ணீர்தான் நன்றாகச் சூட்டை இழுக்கும்" என்று சொல்கிறவர்கள் பாதி உண்மையைச் சொல்கிறார்கள். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும். கிளைக்கால் கலந்தால் அது 3.5-க்கு அருகே இறங்குகிறது. பந்தய வண்டிகளில் வெறும் தண்ணீரும் சேர்மானமும் ஊற்றுவதுண்டு. கிளைக்கால் சிந்தினால் தடம் வழுக்கும் என்பதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் பந்தய இன்ஜினை அடிக்கடி பிரித்துப் பார்ப்பார்கள். நம் வண்டி வருடக்கணக்கில் பிரிக்காமல் ஓட வேண்டும். கூலண்ட்டில் கிளைக்காலை விட முக்கியமானது அரிப்பைத் தடுக்கும் மருந்துதான். இரும்பு, அலுமினியம், ஈயப் பற்று என்று பல உலோகங்கள் ஒரே திரவத்தில் நனைந்து கிடந்தால் அவற்றில் ஒன்று கரையத் தொடங்கும். அந்த மருந்து இல்லாத தண்ணீரில் வாட்டர் பம்பின் இறக்கைகளும் ஹெட்டின் நீர்வழிகளும் உள்ளேயிருந்து தின்னப்படும். கலக்காத கூலண்ட்டை அப்படியே ஊற்றுவதும் தவறு. அது தண்ணீர் கலந்ததை விட மோசமாகச் சூட்டைக் கடத்தும்.

அடுத்ததுதான் சுள்ளிக்கல்லில் எல்லாவற்றையும் விட ஆபத்தான வாதம்: "குடிக்கிற தண்ணீர்தானே, இன்ஜினுக்கு என்ன கெடுதல்?"

இந்த நிலத்தின் தண்ணீரைக் கொஞ்சம் பார்ப்போம். ஒருபுறம் அரபிக்கடல், மறுபுறம் வேம்பநாட்டுக் காயலின் முகத்துவாரம். நடுவில் தாழ்வான மணல் பரப்பு. கிணற்றில் உப்பு கலப்பது இங்கே புதிதல்ல. குழாய்த் தண்ணீர் தூரத்து ஆறுகளிலிருந்து வருகிறது. கோடையில் கடல்நீர் பெரியாற்றில் ஏறி ஆலுவாவின் குடிநீரைக் கெடுக்காமல் இருக்கப் பாதாளம் போன்ற இடங்களில் தடுப்பு வைத்துக் காக்க வேண்டியிருக்கிறது. 2023-இன் தொடக்கத்தில் பாழூர் பம்ப் ஹவுஸில் மோட்டார்கள் பழுதானபோது மேற்குக் கொச்சி வாரக்கணக்கில் டேங்கர் லாரிக்குக் காத்துக் கிடந்தது. அப்படிப்பட்ட நாளில் குடிநீரை ரேடியேட்டரில் ஊற்ற யாருக்கு மனம் வரும்? கைக்கு எட்டுகிற கிணற்றுத் தண்ணீர்தான் உள்ளே போகும்.

இனிக் கணக்கு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு இருக்கிறது. நூறு லிட்டர் நல்ல தண்ணீரில் ஒரே ஒரு லிட்டர் கடல்நீர் கலந்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 190 மில்லிகிராம் ஆகிவிடும். அது நாக்குக்குத் தெரியாது. ஏறக்குறைய 200 முதல் 300 மில்லிகிராம் வரை போனால்தான் கரிப்பு உறைக்கும். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 ஏற்கிற அளவு 250. வேறு வழியில்லாத இடத்தில் 1,000 வரை அனுமதி. கேட்டர்பில்லர் நிறுவனம் தன் இன்ஜின்களில் கூலண்ட்டோடு கலக்கும் தண்ணீருக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 40. குடிப்பதற்குச் சட்டப்படி நல்ல தண்ணீர், இன்ஜினுக்கு ஆறு மடங்கு உப்பாக இருக்கலாம் என்பதே இதன் பொருள். அலுமினியத்தைக் காப்பது அதன் மேல் தானாகப் படியும் மெல்லிய ஆக்சைடு படலம். குளோரைடு அந்தப் படலத்தில் ஊசிமுனைத் துளை போடும். துளை கண்ணுக்குத் தெரியும்போது ரேடியேட்டர் போய்விட்டிருக்கும்.

வெளியேயும் அதே உப்புதான் வேலை செய்கிறது. கடல்காற்று ரேடியேட்டரின் செதில்களை அரிக்கும். வேலியேற்றத்தில் (கடல் ஓதம் பெருகும்போது) சாலை மேல் ஏறி நிற்கும் உப்புத் தண்ணீரில் ஓட்டிய வண்டியை நல்ல தண்ணீர் விட்டு முன்பக்கம் கழுவாமல் விட்டால் செதில்கள் மாவாக உதிரத் தொடங்கும்.

ஆகவே ஏற்கெனவே தண்ணீர் கலந்து விற்கும் கூலண்ட்டை வாங்கி அப்படியே ஊற்றுவது உத்தமம். கலக்கத்தான் வேண்டும் என்றால் பேட்டரிக்கு ஊற்றும் சுத்த நீர் போதும்; பேட்டரி ஆசிட் பாட்டில் அதுவல்ல, லேபிளைப் பார்த்து வாங்குங்கள். பச்சையா சிவப்பா என்று நிறம் பார்த்துக் கூலண்ட் சேர்க்கக் கூடாது. நிறம் வெறும் சாயம், அதற்குப் பொதுத் தரம் கிடையாது. வண்டியின் கையேட்டில் எந்த வகை என்று போட்டிருக்கும்.

தெர்மோஸ்டாட்டுக்கு வருவோம். "நம்ம வெயிலுக்கு அந்த வால்வு தேவையில்லை" என்று கழற்றி எறிகிறார்கள். உள்ளே மெழுகு அடைத்த அந்தச் சிறு வால்வு, பெரும்பாலான வண்டிகளில் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கும். அதுவரை இன்ஜினைச் சூடேற விடுவது அதன் வேலை. கழற்றிவிட்டால் சாதாரண ஓட்டத்தில் இன்ஜின் குளிர்ந்தே ஓடும், டீசல் முழுதாக எரியாது, மைலேஜ் இறங்கும், சிலிண்டர் தேயும். இதை விட மோசமான ஒன்றும் உண்டு. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே ரேடியேட்டரைச் சுற்றிப் போகும் குறுக்குவழியை அதன் அடித்தட்டு மூடும். வால்வே இல்லையென்றால் அந்தக் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான திரவத்தில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குத் திரும்பும். இன்ஜின் அதிகம் உழைக்கும்போது, சூட்டைக் குறைக்கக் கழற்றியதே சூட்டை ஏற்றும். தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிக்கொண்டால், கழற்றி எறியாமல் புதியதை மாற்றுவதுதான் வழி.

வண்டி கொதித்ததும் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றச் சொல்கிறவர்களை நான் கடுமையாகவே மறுக்கிறேன், ஏனென்றால் இங்கே போவது தோல். அந்த மூடி பிரஷர் குக்கரின் மூடி. உள்ளே 115 டிகிரியிலும் திரவமாக நிற்பது அழுத்தத்தால் மட்டுமே. திறந்த நொடியில் அழுத்தம் போய், முகத்துக்கு நேரே நீராவியாகச் சீறும். இன்னொரு பக்கம், கொதிக்கும் ஹெட்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் உலோகம் வளையும், வெடிக்கும். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பை விட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். இரும்புப் பிளாக்கின் மேல் உட்கார்ந்த அலுமினிய ஹெட்டில் அந்த இழுபறியைத் தாங்குவது நடுவில் இருக்கும் கேஸ்கட்தான்.

செய்ய வேண்டியது வேறு. சூட்டைக் காட்டும் முள் ஏறத் தொடங்கியதுமே ஏசியை நிறுத்துங்கள், ஹீட்டரை முழு வேகத்தில் போடுங்கள். வண்டிக்குள் இருக்கும் சிறிய ரேடியேட்டர் அது, கொஞ்சம் சூட்டை வெளியே எடுக்கும். ஓரம்கட்டுங்கள். நீராவி வந்தாலோ கீழே ஒழுகினாலோ உடனே இன்ஜினை அணையுங்கள். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருங்கள். மேல் ஹோஸைக் கையால் அமுக்க முடிகிற அளவு ஆறிய பிறகு, துணி போட்டு மெதுவாக மூடியைத் திருகுங்கள். எலெக்ட்ரிக் ஃபேன் சாவியை எடுத்த பிறகும் திடீரென்று சுழலலாம், விரலைத் தள்ளியே வையுங்கள். அப்போது கையில் இருப்பது குடிநீர் பாட்டில்தான் என்றால் அதையே ஊற்றிப் பட்டறை வரை போகலாம், தவறில்லை. போனதும் அதை வடித்துவிட்டுச் சரியான கூலண்ட் நிரப்ப வேண்டும். வடித்ததை மேற்குக் கொச்சியின் ராமேஸ்வரம் கால்வாயில் கொட்டாதீர்கள். கிளைக்கால் இனிப்பாக இருக்கும். நாயும் பூனையும் குழந்தையும் நக்கினால் சிறுநீரகம் போகும்.

மஞ்சள் தூள் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மட்டாஞ்சேரியில் அதற்குப் பஞ்சமில்லை, தூள் தண்ணீரில் ஊறி வீங்கிச் சிறு ஒழுக்கை அடைப்பதும் உண்மைதான். ஆனால் ஓட்டை எது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய் எது என்று அதற்குத் தெரியாது. இரண்டையும் அடைக்கும்.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் வேரான வாதம்: "கொஞ்சம் குறையத்தான் செய்யும், வாரம் ஒரு தடவை ஊற்றிக்கிட்டா போதும்." மூடிய அமைப்பில் கூலண்ட் அப்படிக் குறையக் கூடாது. குறைகிறது என்றால் எங்கோ போகிறது. ஹோஸ் கிளிப், பிளாஸ்டிக் தொட்டியின் விளிம்பு, தேய்ந்த மூடி, வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சிறு துளை, ஹீட்டர் ஒழுகி நனைந்த தரைவிரிப்பு என்று வெளியே தெரிகிற இடங்களை முதலில் பாருங்கள். வெளியே எங்கும் ஈரமில்லை, ஆனால் அளவு குறைகிறது என்றால் அது பெரும்பாலும் இன்ஜினுக்குள் போகிறது. இன்ஜின் சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, ஆயில் மூடிக்கு அடியில் பால் கலந்ததுபோன்ற படிவு, ஸ்டார்ட் செய்ததும் ரிசர்வ் பாட்டிலில் ஓயாத குமிழ் ஆகியவை கேஸ்கட் போனதற்கான அடையாளங்கள். பட்டறையில் அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் கருவியும், புகைவாயு கலந்தால் நிறம் மாறும் நீலத் திரவமும் இருந்தால் ஹெட்டைக் கழற்றாமலே சொல்லிவிடலாம்.

எப்போது கொதிக்கிறது என்பதும் நிறைய சொல்லும். பஜார் ரோட்டில் சரக்கு வண்டிகளுக்கு நடுவே ஊரும்போது மட்டும் முள் ஏறி, பி.ஓ.டி. பாலம் தாண்டி வேகம் பிடித்ததும் இறங்கினால் ஃபேனையும் அதன் ஃபியூஸையும் பாருங்கள். வேகத்தில், ஏற்றத்தில் ஏறினால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம். ஹீட்டரில் சூடு வராமல் இன்ஜின் மட்டும் கொதித்தால் கூலண்ட் இறங்கிவிட்டது அல்லது பம்ப் ஓடவில்லை.

"முள் ஏறலையே, அப்புறம் என்ன?" என்று கேட்கிறவர்களும் உண்டு. சூட்டை அளக்கும் சென்சார் திரவத்தில் நனைந்திருந்தால்தான் சரியாகச் சொல்லும். கூலண்ட் பெருமளவு போய் அது காற்றில் நின்றால், ஹெட் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் நடுவில் நிற்கலாம், சில வண்டிகளில் கீழேகூட இறங்கலாம். முள்ளை நம்பி ஹெட்டைப் பறிகொடுத்தவர்கள் இப்படித்தான் பறிகொடுத்தார்கள்.

காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ரிசர்வ் பாட்டிலில் அளவு நிற்கும் இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, தேதியும் எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து அதேபோல் ஆறிய இன்ஜினில் பாருங்கள். கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் ஊற்றுவதற்கு முன் ஒழுக்கைத் தேடச் சொல்லுங்கள். அது கிடைக்கும் வரை அந்த வண்டியை மூணாறு ஏற்றத்துக்கு அனுப்பாதீர்கள்.