சேனலை மாற்றினாலும் லோகோ போகலையா? திரைத் தேய்மானத்துக்கு யார் பொறுப்பு?

2018 ஜூலை கடைசி வாரம். கோபாலபுரத்தில் மு.கருணாநிதியின் வீடு இருக்கும் தெருவை கேமராக்கள் சூழ்ந்து நின்றன. ஜூலை 28 அதிகாலை அவர் ஆழ்வார்பேட்டையில் உள்ள காவேரி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஆகஸ்ட் 7 மாலை காலமானார். அந்த 11 நாள்களும் வீட்டு ஹால், டீக்கடை, சலூன் என எங்கே பார்த்தாலும் செய்தி சேனல்தான். காட்சிகள் மாறின, பேசுபவர்கள் மாறினார்கள். மாறாமல் நின்றவை மூன்றுதான்: மூலையில் சேனல் லோகோ, பக்கத்தில் 'நேரலை' என்ற சொல், அடியில் 'பிரேக்கிங் நியூஸ்' பட்டை.

பார்ப்பவருக்கு இதனால் ஒன்றும் இல்லை. ஆனால், சுவரில் மாட்டியிருப்பது பிளாஸ்மா டிவி என்றால் ஆபத்து அந்த மூன்றில்தான் இருக்கிறது. நாள் முழுக்க ஒரே சேனல் ஓடிய பிளாஸ்மா டிவியில், சேனலை மாற்றிய பிறகும் பழைய லோகோ பேய் மாதிரி மங்கலாகத் தெரியலாம். "டிவி போச்சா?" என்று வீட்டில் பதறுவார்கள். சில சமயம் அரை மணி நேரத்தில் அது தானாகவே மறைந்துவிடும். சில சமயம் மறையவே மறையாது.

இரண்டும் ஒன்றல்ல. முதலாவதற்குப் பெயர் இமேஜ் ரிடென்ஷன், அதாவது தற்காலிகத் தடம். இரண்டாவது பர்ன்-இன், நிரந்தரத் தேய்மானம்.

பாய்த் தடமும் படிக்கட்டும்

கோரைப் பாயில் படுத்து எழுந்தால் கன்னத்தில் வரி வரியாகத் தடம் இருக்கும். காபி குடித்து முடிப்பதற்குள் அது போய்விடும். இமேஜ் ரிடென்ஷன் அந்த மாதிரி. பழைய கோயில் படிக்கட்டில் எல்லோரும் கால் வைக்கும் நடுப்பகுதி மட்டும் குழிந்திருக்கும். அது திரும்பி வராது. பர்ன்-இன் இந்த ரகம்.

பிளாஸ்மா டிவியில் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே லட்சக்கணக்கான நுண்ணிய அறைகள் உண்டு. உள்ளே நியான், செனான் வாயுக்கள். மின்சாரம் பாயும்போது அந்த வாயு புற ஊதாக் கதிரை வெளியிடும். அது அறைக்குள் பூசப்பட்ட பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள்மீது பட்டு, சிவப்பு, பச்சை, நீலமாக வெளிச்சம் தரும். பின்னால் தனியாக ஒரு விளக்கு கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும் ஒரு விளக்கு. பிளாஸ்மாவில் கறுப்பு நிறம் அவ்வளவு ஆழமாகத் தெரிந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான். சிக்கலுக்குக் காரணமும் இதுதான்.

எரியும் விளக்கு தேயும். எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவில் தேய்ந்தால் திரை மொத்தமாகக் கொஞ்சம் மங்கும், கண்ணுக்குத் தெரியாது. லோகோ இருக்கும் இடத்தில் மட்டும் ஆயிரக்கணக்கான மணி நேரம் பளிச்சென்று ஒளிர்ந்தால், அந்தப் புள்ளிகள் மட்டும் முந்திக்கொண்டு முதுமையடையும். அங்கே பாஸ்பரின் ஒளி குறையும். அந்தக் குறைச்சல்தான் லோகோ வடிவில் தெரிகிறது. திரையில் எதுவும் 'எரிந்து' போவதில்லை, சமமில்லாமல் தேய்கிறது. அவ்வளவுதான்.

தற்காலிகத் தடத்தில் பாஸ்பர் தேய்வதில்லை. அந்த அறைகளில் மிச்சம் தங்கிய மின்னூட்டமும் சூடும்தான் காரணம். வேறு காட்சிகளை ஓடவிட்டால் சரியாகிவிடும்.

இதற்கு நேர்மாறான தேய்மானமும் உண்டு. ஹெச்டி பரவுவதற்கு முன், தமிழ் சேனல்கள் 4:3 அளவில்தான் வந்தன. பிளாஸ்மா திரையோ 16:9 அகலம். படத்தை அப்படியே வைத்தால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. வருஷக்கணக்கில் அப்படிப் பார்த்தால் நடுப்பகுதி தேயும், ஓரங்கள் புதுசாகவே இருக்கும். காலண்டரைக் கழற்றிய சுவரில் அந்தச் சதுரம் மட்டும் பளிச்சென்று தெரிவதைப் போல. கறுப்புப் பட்டைக்குப் பதில் சாம்பல் நிறப் பட்டை வைக்கும் வசதி பல டிவிகளில் இருந்தது இதனால்தான். படத்தை இழுத்து, முகங்களை அகலமாக்கிப் பார்த்த வீடுகள், தெரியாமலேயே திரையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன!

பிளாஸ்மாவோடு முடிந்த கதையா?

கோபாலபுரத்துக்கும் டிவிக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. 2006 தேர்தலில் இலவச வண்ணத் தொலைக்காட்சி வாக்குறுதியோடு வென்று, அதே ஆண்டு அந்தத் திட்டத்தைத் தொடங்கியவர் கோபாலபுரத்துக்காரரான கருணாநிதி. 14 அங்குல பிக்சர் டியூப் டிவி வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டுகளில்தான் சுவரில் மாட்டும் பிளாஸ்மா டிவி வசதியின் அடையாளமாக ஷோரூம்களில் மின்னியது. இரண்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஆனால் இரண்டிலும் வெளிச்சம் தந்தது பாஸ்பர்தான். நிகழ்ச்சி மாறிக்கொண்டே இருந்ததால் வீட்டு பிக்சர் டியூபில் இந்தத் தடம் பெரிதாகத் தெரியவில்லை. ஒரே எழுத்தை நாள் முழுக்கக் காட்டிய பழைய கம்ப்யூட்டர் மானிட்டர்களில் நன்றாகவே தெரிந்தது. ஸ்க்ரீன்சேவர் என்ற ஒன்று பிறந்ததே அதனால்தான்.

பிளாஸ்மா திரை 1964-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கணினி வழிக் கல்விக்கான 'பிளேட்டோ' திட்டத்துக்காக உருவாக்கப்பட்டது. சுமார் 50 ஆண்டுகளுக்குப் பிறகு, பானாசோனிக் 2013-லும், சாம்சங், எல்ஜி நிறுவனங்கள் 2014-லும் தயாரிப்பை நிறுத்தும் முடிவுக்கு வந்தன. பர்ன்-இன் மட்டும் காரணமல்ல. எல்சிடியின் விலை சரிந்தது, பிளாஸ்மா அதிக மின்சாரம் குடித்தது.

பிளாஸ்மா போய்விட்டது. ஆனால், ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும் விளக்கு என்ற அந்த யோசனை போகவில்லை. அது இப்போது சட்டைப் பையில் இருக்கிறது.

போனிலும் அதே தேய்மானம்

இன்றைய பல போன்களில் இருப்பது ஓஎல்இடி அல்லது அமோலெட் திரை. பாஸ்பருக்குப் பதில் கரிமச் சேர்மங்கள் ஒளிர்கின்றன. அவையும் தேயும். அதிலும் நீலம்தான் மற்ற நிறங்களைவிட வேகமாகத் தேயும். பல அமோலெட் திரைகளில் நீலப் புள்ளியைப் பெரிதாக வைப்பதே அது சீக்கிரம் களைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

'எல்இடி டிவி' என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை, எல்இடி பின்விளக்கு வைத்த எல்சிடி திரைகள். அவற்றில் வருவது பெரும்பாலும் தற்காலிகத் தடம்தான். பெயரில் ஒரு 'ஓ' சேர்ந்தால் கதை வேறு.

போனில் லோகோவின் வேலையைச் செய்வது எது? மேலே நேரமும் பேட்டரியும் காட்டும் பட்டை. கீழே பட்டன்கள். பாதித் திரையைப் பிடிக்கும் கீபோர்டு. மேப். எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நேரம் என்ற இரண்டும்தான் கணக்கு. வெளிச்சத்தை இரட்டிப்பாக்கினால் தேய்மானம் இரண்டு மடங்குக்கும் மேல் கூடும். சூடும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

இப்போது யாருக்கு இது முதலில் வரும் என்று யோசித்துப் பார்க்கலாம். ஏசி அறையில் அவ்வப்போது போனை எடுத்துப் பார்ப்பவருக்கு அல்ல. மே மாத வெயிலில், பைக் ஹேண்டிலில் போனை மாட்டி, பிரைட்னஸை முழுசாக வைத்து, பத்து மணி நேரம் மேப்பைத் திறந்தே வைத்திருக்கும் டெலிவரி ஊழியருக்கு. கால் டாக்ஸி ஓட்டுநருக்கு. போன் அவர்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை, தொழில் கருவி. அதற்கான இஎம்ஐ முடிவதற்குள் திரையில் மேப்பின் நிழல் விழுந்துவிடலாம்.

விதிமுறை என்ன சொல்கிறது?

"மாறாத படத்தை நீண்ட நேரம் காட்டாதீர்கள்" என்று பிளாஸ்மா டிவியின் கையேடுகள் எச்சரித்தன. இன்றும் பல நிறுவனங்களின் வாரன்ட்டி விதிமுறைகள் பர்ன்-இன்னை 'இயல்பான தேய்மானம்' அல்லது 'பயன்படுத்திய விதத்தால் வந்த பாதிப்பு' என்று ஒதுக்கிவிடுகின்றன. டிவிக்காவது இதில் கொஞ்சம் நியாயம் உண்டு, லோகோவைப் போட்டது சேனல். போனில் அந்தப் பட்டையையும் பட்டனையும் கீபோர்டையும் மாறாத இடத்தில் வைத்தது யார்? அதே நிறுவனம்தான். அந்தத் தடத்துக்கு வாடிக்கையாளரைக் குற்றம் சொல்வது எப்படி நியாயம்?

தேய்மானமே இல்லாத திரையை யாரும் கேட்கவில்லை. பேட்டரியும் தேய்கிறது, டயரும் தேய்கிறது. அவை தேயும் என்பது வாங்கும்போதே எல்லோருக்கும் தெரியும். திரை தேயும் என்பதைத்தான் கடையில் யாரும் சொல்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், பேட்டரி எத்தனை சார்ஜ் தாங்கும், போனைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்பதையெல்லாம் விற்பனை லேபிளிலேயே காட்ட வேண்டும். இந்தியாவிலும் பழுதுபார்ப்புக் குறியீடு கொண்டுவருவது பற்றிப் பேச்சு நடக்கிறது. அதில் திரையின் ஆயுளும் இடம்பெற வேண்டும். இத்தனை மணி நேரத்துக்குள் தடம் விழுந்தால் மாற்றித் தருவோம் என்ற உறுதி, பெட்டியின் மேலேயே, தமிழிலும் இருக்க வேண்டும்.

அதுவரை சட்டத்தில் இருக்கும் வழியைப் பயன்படுத்தலாம். பொருளின் தரம் பற்றித் தெரிந்துகொள்வது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 தரும் உரிமை. நிறுவனம் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். அங்கும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். பில்லையும், திரையின் படங்களையும் பத்திரமாக வைத்திருப்பது முக்கியம்.

என்ன செய்யலாம்?

தடம் நிஜமாகவே திரையில்தான் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. வெறும் சாம்பல் நிறப் படத்தை முழுத் திரையில் வைத்தால் தடம் தெரியும். பிறகு ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொரு போனுக்கு அனுப்பலாம். அதிலும் நிழல் தெரிந்தால் கோளாறு சாஃப்ட்வேரில். தெரியாவிட்டால் தேய்ந்தது திரை.

போனில் ஆட்டோ பிரைட்னஸ், டார்க் மோட், சீக்கிரம் அணையும் ஸ்க்ரீன் டைம்அவுட் மூன்றும் உதவும். மேப் தேவைப்படும் இடங்களில் திருப்பங்களைக் குரலில் கேட்டுக்கொண்டு திரையை அணைத்து வைக்கலாம். ஜெஸ்சர் வசதியைப் போட்டால் கீழே பட்டன்கள் நிற்காது.

ஓஎல்இடி டிவி வைத்திருப்பவர்கள் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். ரிமோட்டில் அணைத்த கையோடு சுவிட்ச் போர்டிலும் ஆஃப் செய்வது பல வீடுகளில் வழக்கம். இந்த டிவிகள் ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதுதான் தேய்மானத்தைத் தாங்களே சமன்செய்துகொள்ளும். பிளக்கை உடனே அணைத்தால் அந்த வேலை நடக்காது.

பிளாஸ்மா இன்னும் ஓடும் வீடுகளில் கான்ட்ராஸ்டைக் குறைத்து, ஒரே செய்தி சேனலை நாள் முழுக்க வைக்காமல் இருந்தாலே பாதிக் கவலை தீரும். தடம் விழுந்தால் முதலில் சில மணி நேரம் வேறு நிகழ்ச்சிகளை ஓடவிடலாம். யூடியூபில் வரும் 'பர்ன்-இன் ஃபிக்ஸ்' வீடியோக்கள் தற்காலிகத் தடத்துக்குக் கொஞ்சம் உதவலாம். தேய்ந்த புள்ளியை எந்த வீடியோவும் புதுசாக்காது.

இதையெல்லாம் வாங்குபவர் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஆனால், வாங்குபவரின் கவனத்தை மட்டும் நம்பி விற்கப்படும் பொருளுக்கு, விற்பவர் என்ன உறுதி தருகிறார்? அடுத்த போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன், "திரையில் தடம் விழுந்தா வாரன்ட்டியில மாத்தித் தருவீங்களா?" என்று கேட்டுப் பார்க்கலாம். நிறையப் பேர் கேட்டால், பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் வரும்.